எடுத்துக்கொடுப்பவள்

மேடை விளிம்பில், தரைக்குக் கீழே,
ஒரு மரப்பெட்டி. அதுதான் என் இருக்கை.
டௌகவ்பில்ஸ் நகர அரங்கில்
இருபத்தாறு குளிர்காலமாக
நான் பார்த்ததெல்லாம் காலணிகள்.
அரசனை அவன் குதிகாலால் அறிவேன்.
சாகிறவர்கள் மட்டும்
என் முகத்துக்கு நேரே முகம் வைப்பார்கள்.
சிலர் கண்ணடிப்பார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் அதே நாடகம்.
பிரபுவின் கோட்டை எரிய எரிய
குடியானவன் மகள் விடியும்வரை பேசுகிற
நூறு வயது நாடகம்.
எங்கள் கறுப்பு ரொட்டியில் சீரகம்போல
எங்கள் பேச்சில் அதன் வரிகள்:
கடன்காரனிடம் ஒன்று, காதலியிடம் ஒன்று,
கல்லறைக் கல்லில் ஒன்று.
எழுதியவர் மனைவிக்குக் கடிதம் போட்டதெல்லாம்
ஜெர்மன் மொழியில் என்பது
பள்ளிப் புத்தகத்தில் இல்லை.
எங்களிடம் இல்லாத சொற்களை
அவரே தட்டிச் செய்தார், ஆணி அடிக்கும் கொல்லனாக.
இன்று அவற்றில்தான் எங்கள் கோட்டுகள் தொங்குகின்றன.

என் பிரதியில் நிறையப் பென்சில்.
எனக்கு முன் இந்தப் பெட்டியில் குனிந்தவர்களுடையது.
பதினேழாம் பக்கம்: 'நாடு' அடிக்கப்பட்டு
மேலே 'வயல்'. பக்கத்தில் ஊதா முத்திரை.
அந்த வருடங்களில் நடிகை 'என் வயல்' என்பாளாம்;
அரங்கத்துக்கு 'என் நாடு' என்று கேட்குமாம்.
ஒருவரும் மூச்சுவிட மாட்டார்களாம்.
பிறகு கொடி மாறியது.
கொஞ்சம் கழித்து நான் வந்தேன்.
'வயலை' அழித்து 'நாடு' எழுதியது என் முதல் வேலை.
இப்போது அந்த வரியில் இருமுகிறார்கள்,
மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறார்கள்.

போன வருடம் மகள் வேடம் தைஸியாவுக்கு.
தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் பிறந்தவள்,
வீட்டில் ரஷ்ய மொழி.
"அந்த நாவிலா இந்த வரிகள்?"
தையல் அறையில்கூடக் கேட்டேன், ஊசியைவிடச் சன்னமாக.
இயக்குநர் தாலிவால்திஸ் சொன்னார்:
"தாங்காதவர்கள் வீட்டில் வானொலி கேட்கட்டும்."

எங்கள் மொழியில் காஸஸ் என்றால் திருமணம்.
நெடிலைக் குறிலாக்கி
கஸஸ் என்றால் ஆடுகள்.
மூன்று வாரம் சுவரைப் பார்த்துச் சொன்னாள்
காஸஸ், காஸஸ், காஸஸ்,
கையில் நொடி எண்ணும் கடிகாரத்துடன்.

முதல் இரவு. முதல் வரிசையில் ஓர் அமைச்சர்,
மார்பில் குண்டூசிக் கொடி.
மூன்றாம் அங்கம். தீப்பந்தம்.
அவள் செருப்பு என் மூக்கருகே.
'இந்த நாட்டில் இது என்...'
அவள் கால் இடறவில்லை.
'கா'வின் கால் இடறியது.
ஆடுகள் என்றாள்.

யாரோ சிரித்தான். ஒருவன்தான்.
அதற்குப் பின் வந்த அமைதி அவனைவிட மோசம்.
சொல் மறந்தால் எடுத்துக்கொடுப்பேன்.
ஒரு மாத்திரையை எப்படி எடுத்துக்கொடுப்பது?
வாய் திறந்தேன். மூடினேன்.

குதிகால் திரும்பியது.
"ஆம், ஆடுகள்," என்றாள், அவசரமில்லாமல்.
"ஏழு. என் அப்பனிடம் பிரபு பிடுங்கியவை.
அவை வீடு வராமல் எனக்குத் திருமணம் இல்லை."
இம்முறை அந்தச் சொல் நீண்டது,
கயிறு இழுபடுவதுபோல.

நூறு வருடத்தில் யாரும் எழுதாத வரி.
இருமல் இல்லை. தாள் சரசரப்பு இல்லை.
கேள்விப்பட்டே பழகிய அந்த மூச்சடைப்பைப்
பெட்டிக்குள் இருந்து முதன்முதலாகக் கேட்டேன்.

பத்திரிகைக்குப் பதினோரு கடிதங்கள்.
'புனிதம்' என்று எட்டு. 'பிழை' என்று இரண்டு.
ஒரு பால்பண்ணைக்காரர் மட்டும்
என்ன ரக ஆடு என்று விசாரித்திருந்தார்.
தாலிவால்திஸ் எதுவும் சொல்லவில்லை.
நான் பென்சிலைச் சீவி
முத்திரை இல்லாத ஓரமாகப் பார்த்து எழுதினேன்:
ஆடுகள், ஏழு.

இந்த நவம்பர்.
மாடி இருக்கைகளில் பள்ளிப் பையன்கள்
முழங்கையால் இடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஆடுகளுக்காக.
தைஸியா வந்தாள். பந்தத்தை உயர்த்தினாள்.
காஸஸ் என்றாள், பிசிறில்லாமல்,
கா முழுதாய் இரண்டு மாத்திரை.
அரங்கம் பெருமூச்சு விட்டது, ஏமாந்துபோய்.

கீழே, இருட்டில்,
வேலைக்கே விரோதமாக,
நான் கிசுகிசுத்தேன்:
"ஆடுகள்."